பெருந்துளை ‘லீவர் ஆக்‌ஷன்’ துப்பாக்கி: தமிழில் எப்படிச் சொல்வது?

சியாட்டலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அலாஸ்காவில் பழுப்புக் கரடி திரியும் இடங்களுக்கு மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கும் சால்மன் பிடிக்கவும் போகிறவர்கள் எந்தத் துப்பாக்கியை எடுத்துப் போகிறார்கள், ஏன் அதை எடுக்கிறார்கள் என்பதுதான் பொருள். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

‘லீவர் ஆக்‌ஷன் ரைபிள்’ என்பதற்கு மொழிபெயர்ப்புக் கருவி ‘நெம்புகோல் செயல் துப்பாக்கி’ என்று தருகிறது. என்னவென்று யாருக்குப் புரியும்? ‘லார்ஜ் காலிபர்’ என்பதற்கும் சொல் வேண்டும். ‘பேர் கன்ட்ரி’யைக் ‘கரடி நாடு’ என்று போட்டால் சிறுவர் கதை மாதிரி ஆகிவிடுகிறது. கைகொடுங்கள்.

* * *

மதுரையிலிருந்து:

அம்மா, ‘நெம்பியக்கச் சுரிகுழல் துப்பாக்கி’ எனலாம். நெம்பினால் இயங்குவது நெம்பியக்கம். குழலின் உட்புறம் புரி ஓடுவதால் சுரிகுழல். ‘லார்ஜ் காலிபர்’ என்பதற்கு ‘அகல்வாய்’ பொருந்தும். ‘பேர் கன்ட்ரி’க்குக் ‘கரடியகம்’ என்று வைத்துப் பாருங்கள்.

* * *

சிங்கப்பூரிலிருந்து:

லீவர் ரைபிள் என்றே எழுதிவிட்டுப் போங்களேன். ரைபிள் தெரியாத தமிழர் யார்?

* * *

ஆங்கரேஜிலிருந்து:

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நெம்பியக்கச் சுரிகுழல் துப்பாக்கி

ஐயா, இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே மூச்சில் சொல்ல வராது. அதோடு ‘இயக்கம்’ என்ற சொல் இங்கே எதையும் காட்டவில்லை. எல்லாத் துப்பாக்கியும்தான் இயங்குகிறது. அந்த நெம்புகோல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். இந்த வகையில் ஒன்று என் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம் பின்னால் நீண்டு இன்னொரு பெரிய வளையமாகிறது. வலக்கையின் மூன்று விரல்கள் அதற்குள் இருக்கும். கையைக் கீழே முன்பக்கமாகத் தள்ளினால் மேலே தாழ் (சுடும் அறையின் பின்புறத்தை அடைக்கும் உலோகத் துண்டு) பின்னோக்கி நகர்ந்து, சுட்டுக் காலியான கூட்டைக் கொக்கியால் இழுத்து வெளியே எறியும். போகிற போக்கில் குதிரையையும், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலையும், மடக்கி வைக்கும். சுடுகுழலுக்கு அடியில் ஒரு குழாய் ஓடுகிறது. அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும் தோட்டாக்களைச் சுருள்வில் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே வந்த தோட்டாவை ஒரு சிறு தட்டு தூக்கிக் கொடுக்க, வளையத்தை மூடும்போது தாழ் அதை அறைக்குள் தள்ளி அடைத்துவிடும். ‘சளக்-சளக்’ என்று இரண்டு ஓசை, அவ்வளவுதான். தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கவே வேண்டாம்.

ஆக, அந்தக் கோல் துப்பாக்கியைச் சுடவைக்கவில்லை, தோட்டாவை ஏற்றுகிறது. அதனால் என் முன்மொழிவு: ‘நெம்பேற்றி’. நெம்பி ஏற்றுவது நெம்பேற்றி. முழுதாக ‘நெம்பேற்றித் துப்பாக்கி’. சுரிகுழல் என்பதைக் கட்டுரைக்குள் ஒரு முறை விளக்கினால் போதும். தலைப்பில் சுமக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ‘போல்ட் ஆக்‌ஷன்’ துப்பாக்கியில் பிடியை மேலே திருப்பிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளித் திருப்பி மூடுகிறோம். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதும் இதே அசைவுதான். அது ‘தாழேற்றி’. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது ‘தானேற்றி’. குழல் வாய் வழியாக மருந்து போட்டு இறுக்குவது ‘வாயேற்றி’. பின்பக்கம் திறந்து போடுவது ‘பின்னேற்றி’. ஒரே அச்சில் ஒரு குடும்பமே வந்துவிடுகிறது. சிங்கப்பூர் நண்பருக்கும் இதுதான் பதில்: லீவர் ரைபிள் என்று எழுதலாம்தான், ஆனால் அந்தச் சொல் குட்டி போடாது.

அடிக்குழாயை வைத்துப் பெயர் சூட்டலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். சரிப்படாது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாதிரியில் குழாயே கிடையாது, தோட்டாப் பெட்டிதான். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனது அந்த வகை. முதல் உலகப்போரில் ரஷ்யா வாங்கிக் குவித்ததும் அதுவே. எதிர்ப்பக்கம் ஓர் எடுத்துக்காட்டு: பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி, 1871. அதிலும் கீழே நெம்புகோல் உண்டு. ஆனால் அது பின்கதவைத் திறந்து காலிக் கூட்டை வெளியேற்றுவதோடு சரி. அடுத்த தோட்டாவைக் கையால்தான் வைக்க வேண்டும். ஐயாவின் ‘நெம்பியக்கம்’ இதையும் சேர்த்துக்கொள்ளும். ‘நெம்பேற்றி’ சரியாக வெளியே நிறுத்திவிடும்.

> அகல்வாய்

‘காலிபர்’ விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அளவிடுவது வாயை அல்ல, குழலின் உள்துளையை. எனவே ‘துளைவிட்டம்’, அதிலிருந்து ‘பெருந்துளை’. கண்ணி அது அல்ல, எண்களில்தான் இருக்கிறது. கரடிக் காட்டு நெம்பேற்றி என்றாலே இங்கே முதலில் வாயில் வருவது .45-70. அமெரிக்கப் படை 1873இல் ஏற்றுக்கொண்ட தோட்டா. 45 என்பது துளைவிட்டம், அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு. 70 என்பது உள்ளே இட்ட கரிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். சரி, அப்படியானால் .30-06? அங்கே 06 மருந்தளவு இல்லை, 1906ஆம் ஆண்டு. .30-30இல் இரண்டாவது 30 மறுபடியும் மருந்து, ஆனால் புகையற்ற மருந்து. ஆகவே இவற்றை மொழிபெயர்க்காதீர்கள். பெயர்ச்சொல் மாதிரி அப்படியே எழுதிவிட்டு, எண் எதைக் குறிக்கிறது என்று அதனதன் இடத்தில் சொல்லுங்கள்.

கிரெயின் பற்றி ஒரு துணுக்கு. நம் சித்த மருத்துவ எடை அட்டவணையில் ஓர் உளுந்து 65 மில்லிகிராம், ஒரு குன்றி 130. ஒரு கிரெயின் என்பது கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். அதாவது பழைய .45-70இன் 405 கிரெயின் குண்டு 405 உளுந்தெடை! கட்டுரையில் ‘26 கிராம்’ என்றே எழுதுங்கள். எனக்குத்தான் கை பரபரத்தது.

பெருந்துளை என்ற சொல்லே வாசகரை ஏமாற்றவும் கூடும். துளை பெரிதென்றால் வலு பெரிது என்று முடிவுகட்டிவிடுவார்கள். .45-70 தோட்டா ஒரே அளவில்தான் இருக்கும், உள்ளே இருக்கும் வலு மட்டும் வேறு வேறு. 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் போன்ற பழைய துப்பாக்கிகளிலும் அது நுழையும் என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டாக்களை மென்மையாகவே செய்கிறார்கள். குண்டு நொடிக்கு 400 மீட்டர் சுமாரில் போகும். இன்றைய மார்லின் 1895 மாதிரி போன்ற உறுதியான நெம்பேற்றிக்கென்று செய்யும் கனத்த தோட்டாவில் ஏறக்குறைய அதே எடைக் குண்டு 550 மீட்டரைத் தொடும். ஆற்றல் இரண்டு மடங்கை நெருங்குகிறது. கரடிக்காக வாங்குகிறவர் துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுத் தோட்டாவில் கோட்டைவிடுவதுதான் இங்கே அதிகம். இதைக் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள். அந்தக் கனத்த தோட்டாவைப் பழைய ஸ்பிரிங்ஃபீல்டில் போட்டால் துப்பாக்கியே சிதறக்கூடும் என்பதையும்.

குண்டின் முனையைப் பற்றியும் எழுத வேண்டும். அடிக்குழாயில் ஒரு குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டபடி இருக்கும். அங்கேதான் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பொறிமருந்து. கூர்முனைக் குண்டு இருந்தால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் அது ஊசி மாதிரி குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் தட்டைமுனை, இல்லையென்றால் அமுங்கும் முனை. தட்டைமுனைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகமிழக்கும். 150 மீட்டருக்கு மேல் நன்றாகத் தாழ்ந்துவிடும். திறந்த வெளியில் தொலைவிலுள்ள கரிபு மானைச் சுடுவதற்கு .338, .375 போன்ற தாழேற்றிகளே மேல். ஒரே துப்பாக்கி வேட்டைக்கும் வேண்டும், காவலுக்கும் வேண்டும் என்கிறவருக்கு நான் தாழேற்றியைத்தான் சொல்வேன். இங்குள்ள வேட்டை வழிகாட்டிகள் பலர் கையிலும் அதுதான் இருக்கும்.

நெம்பேற்றியின் இடம் வேறு. இங்கே அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் சால்மன் ஏறும் ஓடைகளின் கரையில் ஆல்டர் புதர் ஆளுயரத்துக்கு அடர்ந்திருக்கும். பத்தடிக்கு அப்பால் தெரியாது. மார்லின் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் கொண்டுவந்த ‘கைடு கன்’ பதினெட்டரை அங்குலக் குழலும் மூன்று கிலோ சொச்சம் எடையும் கொண்டது, புதரில் சிக்காது. துருத்திக்கொண்டு நிற்கும் பிடி இல்லாததால் முதுகில் தட்டையாகத் தொங்கும். இடக்கைக்காரருக்கும் ஒத்துவரும். பக்கவாட்டில் உள்ள சிறு மூடியைத் தோட்டாவின் மூக்கால் அழுத்தி, கட்டைவிரலால் தள்ளி ஒவ்வொன்றாக நிரப்பலாம். சுடும் அறையைத் திறக்கவே வேண்டாம். புதுத் துப்பாக்கியில் அந்த மூடியின் ஓரம் கட்டைவிரல் நகக்கணுவைப் பதம் பார்க்கும், அது தனிக் கதை. அந்த மூடிக்கு ‘ஏற்றுவாய்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குறையையும் சொல்லிவிடுகிறேன். பழுப்புக் கரடி பாய்ந்தால் நொடிக்குப் பதினைந்து மீட்டர் வரை வரும். முப்பது மீட்டர் என்றால் இரண்டே நொடி. அந்தப் பதற்றத்தில் வளையத்தைக் கடைசி வரை தள்ளாமல் பாதியில் திருப்பி இழுத்துவிடுகிறார்கள். பழைய கூடு முழுக்க வெளியேறாது, புதுத் தோட்டா ஏறாது, துப்பாக்கி மாட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு ‘அரைநெம்பு’ என்று ஒரு சொல் போடலாம். லேசான துப்பாக்கியில் கனத்த தோட்டா கொடுக்கும் உதையைப் பழகாதவர்கள்தான் பெரும்பாலும் அரைநெம்பில் மாட்டுகிறார்கள்.

> கரடியகம்

ஐயா, கரடி வளர்க்கும் இடம் என்று நினைத்துவிடுவார்கள். நீலகிரிச் செய்திகளில் தினமும் வருகிறதே, ‘கரடி நடமாட்டம் உள்ள பகுதி’. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பி.கு.: கட்டுரையில் மிளகாய்க்காரத் தெளிப்பானுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்து ஸ்மித், ஹெரெரோ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடி மீது தெளிப்பானை அடித்த நேர்வுகளில் 92 விழுக்காட்டில் அது கரடியின் போக்கை நிறுத்தியிருக்கிறது. அப்புறம், தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டாலும் நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். உணவையோ குப்பையையோ அலட்சியமாகப் போட்டுக் கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற பேச்சே செல்லாது.

* * *

டொராண்டோவிலிருந்து:

அண்ணை, உங்கள் ‘ஏற்றி’க்கு எங்கட பக்கத்தில் ஒரு முன்னோடி இருக்கிறது. வன்னியில் வேட்டைக்குப் பாவித்த நாட்டுத் துவக்கை ‘இடியன்’ என்போம். மருந்தை இடித்து இறுக்குவதால் இடியன் என்றுதான் பெரியவர்கள் சொல்லுவினம். கை செய்கிற வேலையை வைத்து வந்த பெயர். யாரும் குழு கூடி உருவாக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கட்டுரையில் ஒரு தடவையாவது ‘நெம்பேற்றித் துவக்கு’ என்றும் எழுதுங்கோ. தேடுகிறவர்களில் பாதிப் பேர் துவக்கு என்றுதான் தட்டுவார்கள். பிறகு, பறக்கிறதையும் ‘குண்டு’, ஆகாயத்திலிருந்து போடுகிறதையும் ‘குண்டு’ என்றால் எங்களுக்குக் குழப்பம். நாங்கள் ‘ரவை’ என்போம்.

* * *

மதுரையிலிருந்து:

மார்ட்டினி-ஹென்றி எடுத்துக்காட்டுக்குப் பிறகு ‘நெம்பியக்கம்’ என்பதை நான் வற்புறுத்தப் போவதில்லை. நெம்பு, ஏற்றி இரண்டும் புணர்ந்து நெம்பேற்றி ஆவதில் தடையில்லை. ‘பம்ப் ஆக்‌ஷன்’ மட்டும் குடும்பத்தில் விட்டுப்போயிற்று. முன்பிடியைப் பின்னால் உருவுவதால் ‘உருவேற்றி’ என்று யாரேனும் முன்மொழியும் முன் சொல்லிவிடுகிறேன்: அது மந்திரம் செபிக்கிறவரைக் குறிக்கும். ‘இழுவேற்றி’ என்று கொள்க.

ரவை வேண்டாம். மதுரையில் அது உப்புமா.

* * *

ஆங்கரேஜிலிருந்து:

இழுவேற்றி நன்றாக இருக்கிறது ஐயா. ரவை விஷயத்தில் டொராண்டோத் தம்பியின் குழப்பமும் நியாயமானதுதான். முழுப் பொதிக்கும் ‘தோட்டா’, பறந்து போகும் ஈயப் பகுதிக்கு ‘தோட்டாமுனை’ என்று பிரித்தால்? எனக்கே முழுத் திருப்தி இல்லை. தட்டைமுனைத் தோட்டாமுனை என்று நாக்கு சுளுக்கும்.

* * *

சியாட்டலிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. தோட்டாமுனை வேண்டாம் அண்ணா. குண்டு என்றே வைத்து, முதல் இடத்தில் ‘ஈழ வழக்கில் ரவை’ என்று சேர்த்துவிடுகிறேன். தொடக்கப் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

“நெம்பேற்றித் துப்பாக்கி (நெம்பேற்றித் துவக்கு) என்பது விசையைச் சூழ்ந்த வளையப் பிடியைக் கீழே தள்ளி மூடுவதன் மூலம் காலிக் கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றும் சுரிகுழல் துப்பாக்கி. லீவர் ஆக்‌ஷன் ரைபிள் என்றும் வழங்கும். .45-70 போன்ற பெருந்துளைத் தோட்டாக்களுக்கான நெம்பேற்றிகளை அலாஸ்காவில் பழுப்புக் கரடி நடமாட்டம் உள்ள புதர்க்காடுகளில் காவலுக்கு எடுத்துச் செல்கின்றனர். தொலைவிலிருந்து சுடும் வேட்டைக்குத் தாழேற்றிகளே கூடுதலாகப் பயன்படுகின்றன.”

கடைசி வரியில் தாழேற்றி சிவப்பு இணைப்பாக, அதாவது இன்னும் எழுதப்படாத கட்டுரையாக, நிற்கிறது. அந்தக் கட்டுரையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?