புதுப்பிப்பு: மஸ்டா 6 டூரிங்கா, சுபாரு அவுட்பேக்கா?

கோலாலம்பூரிலிருந்து அடிக்கடி பினாங்குக்கு ஓடவும், பள்ளி விடுமுறையில் பஹாங் மலைக் கிராமமான ஜண்டா பாயிக் ஆற்றோரம் கூடாரம் போடவும் பழைய வேகன் (பின்னால் சாமானுக்கு நீண்ட இடமுள்ள கார்) ஒன்று வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் எம்பிவி (வேன் போன்ற பெரிய குடும்ப வண்டி) எடுக்கச் சொன்னீர்கள். நன்றி, ஆனால் எனக்கு அது ஒத்துவராது.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது மஸ்டாதான் சுகம். ஸ்டியரிங் கைக்கு அடங்கி நிற்கிறது. அவுட்பேக்கின் சிவிடி கியர் (படிப்படியாக மாறாத தானியங்கி கியர்), ஜண்டா பாயிக் போகும் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் ஒரே சுருதியில் முனகும். அதைச் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஆனாலும் அவுட்பேக்கையே எடுத்தோம். முகாமுக்குப் போகும் கடைசித் துண்டு செம்மண் பாதை. மழை பெய்தால் நடுவில் மேடும் இருபக்கமும் பள்ளமும்தான். 213 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் நான்கு சக்கர இழுவையும் அங்கேதான் உதவும். அத்தைக்கும் குனியாமல் ஏறி இறங்க வசதி. அவர் வாக்கு அதற்கே!

பழையதாக வாங்குபவர்கள் டயரைக் குனிந்து பாருங்கள். நாங்கள் பார்த்த காரில் முன்னால் இரண்டும் புத்தம் புதுசு, பின்னால் இரண்டும் வழுக்கை. எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் தேய்மானம் இப்படி வேறுபட்டால் இழுவை அமைப்புக்குக் கேடு. நான்கையும் மாற்றும் செலவைச் சொல்லியே விலையைக் குறைத்தேன்.

அப்புறம், கூரைப் பெட்டி பற்றிக் கேட்டவருக்கு: இன்னும் வாங்கவில்லை. கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் பின்னாலேயே அடங்கிவிடுகின்றன.