எலுமிச்சைக் கட்டையில் ஒரு கரண்டி

புளியங்குடியில் மாமா தோட்டத்தில் காய்ப்பு நின்றுபோன எலுமிச்சை மரங்களை வெட்டினார்கள். விறகுக்குப் போகவிருந்ததில் மணிக்கட்டுக் கனத்தில் நாலைந்து கட்டைகளை எடுத்து வந்தேன். வெட்டுவாய் இளமஞ்சளாக, வழவழவென்று இருந்தது. கரண்டி செதுக்கலாமே என்று தோன்றியது.

மூன்று வாரம் மாடி வெயிலில் காயப்போட்டேன். அதுதான் முதல் தப்பு. காய்ந்த எலுமிச்சை கல்தான். கத்தி வழுக்கி கட்டைவிரலில் இரண்டு தையல்.

மாமா அடுத்த மரத்தை வெட்டியபோது பச்சையாகவே வாங்கி வந்தேன். இந்த முறை சுருள் சுருளாகச் சீவ வந்தது. குழி தோண்ட வளைந்த கத்தி கடையில் கிடைக்காததால், கொல்லுப்பட்டறையில் பழைய அரம் ஒன்றைக் கொடுத்து அடித்துத் தரச் சொன்னேன். "மாங்கொட்டைய நோண்டவா?" என்று கேட்டுவிட்டுத்தான் உலையில் வைத்தார். ஒரே மாலையில் கரண்டி தயார். பெருமையாக ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் குழியின் நடுவே விரிசல்.

தெருவில் இருக்கும் ஆசாரியிடம் காட்டினேன். "தம்பி, நடுத்தண்ட உள்ளயே வச்சு செதுக்கியிருக்கிய. வெடிக்காம என்ன செய்யும்?" என்றார். மரம் காயும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வெட்டுவாயில் தெரியும் வளையத்தின் போக்கில் சுருங்கும். நடுத்தண்டு உள்ளே இருந்தால் அந்த இழுப்புக்குப் போக்கிடம் இல்லை. கட்டையை நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்துவிட்டு, ஒரு பாதியில் செதுக்க வேண்டும். பிறகு அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் பத்து நாள். மூன்றாவது கரண்டி அப்படித்தான் பிழைத்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
எங்கள் ஊர்க் கடைசல் பட்டறை ஒன்றில் நான் கரண்டி கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். சொப்புச் சாமான் எல்லாம் சுழலும் கட்டையில் உளியை வைத்துக் கடைவது. அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகி நிறம் ஏறிவிடும், பார்க்க அவ்வளவு அழகு! "உருண்டையா கேளும், தாரேன். கரண்டி எந்தப் பக்கம் வே உருண்டை?" என்றார். காம்பு மட்டும் கடைந்து வாங்கி வந்தேன். இன்னும் அது காம்பாகவேதான் கிடக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:
பம்பரத்துக்குக் கொய்யாக் கட்டை தேடிய வயசில் பழகிய கை எனக்கு. கொய்யாவிலும் கரண்டி நன்றாக வரும். உப்புத்தாள் போட்டபின் ஒருமுறை வெந்நீரில் முக்குங்கள், நார் சிலிர்க்கும். காய்ந்ததும் மறுபடி தேய்த்தால் பிறகு சொரசொரக்காது. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், அது மரத்தில் உலரவே உலராது. நான் ஆளிவிதை எண்ணெய் தடவி ஒரு வாரம் விட்டுவிடுவேன். ஆச்சி என் கரண்டியில்தான் சொதி கிண்டுகிறாள். மீன்குழம்புக்கு மட்டும் கேட்டாலும் தருவதில்லை.

முதலில் எழுதியவர்:
அண்ணாச்சி, கொய்யாக் கட்டை மிச்சம் இருக்கா? பச்சையா இருந்தா ஈரச்சாக்குல சுத்தி வையுங்க, ஞாயித்துக்கிழமை வாரேன்.