மெட்டாரை ஒற்றையாகப் படிக்காதீர்கள், முந்தைய இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்

மெட்டார், அதாவது விமான நிலையம் குறியீடுகளில் தரும் வானிலை அறிக்கை என்றாலே அந்தக் குறியீடுகளை எப்படி மனப்பாடம் செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது, அறிக்கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துப் படிக்கும் பழக்கம்.

பயிற்சிக் காலத்தில் ஒரு விடியற்காலை. காற்று 00000, அதாவது அசைவே இல்லை. பார்வைத் தூரம் 3000 மீட்டர், பக்கத்தில் பி.ஆர், அதாவது லேசான ஈரப்பனி, அப்புறம் 18/17, அதாவது வெப்பநிலை 18, டியூ பாயிண்ட் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 17. வெளியே கண்ணால் பார்த்தே பறக்கும் பயிற்சிக்கு 5000 வேண்டும், சரி, வெயில் வந்தால் கூடிவிடும், காத்திருக்கலாம் என்று உடனிருந்த மாணவர் விமானத்தைச் சரிபார்க்கவே போய்விட்டார். பயிற்றுநர் மட்டும், "இதுக்கு முந்தின ரெண்டையும் எடுங்க" என்றார். அரை மணிக்கு ஒன்றாக வந்தவை. முதலில் 5000 மீட்டர், 21/17, காற்று 3 நாட். அடுத்தது 4000, 20/17. டியூ பாயிண்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வெப்பநிலை மட்டும் அதை நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது, இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுவிட்டது. வானமோ தெளிவு, தரையின் சூட்டைப் பிடித்து வைக்க மேகம் இல்லை. "இப்ப சொல்லுங்க, அடுத்தது என்ன வரும்?"

அடுத்த முறைக்குக்கூடக் காத்திருக்காமல் ஸ்பெசி, அதாவது இடையில் வரும் சிறப்பு அறிக்கை வந்துவிட்டது: 0300 (300 மீட்டர்), எஃப்.ஜி (மூடுபனி), 17/17. சூரியன் உதித்த பிறகுதான் இது. குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் உதயத்துக்குச் சற்றுப் பின்னால்தான் வரும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் எஃப்.ஜி, அதற்கு மேல் 5000 வரை பி.ஆர். ஒரே ஈரம்தான், அளவுதான் வேறு, அதனால் பி.ஆர் என்று பார்த்ததும் லேசானதுதானே என்று விட்டுவிடக் கூடாது.

இதே 3000 மீட்டர் எச்.இசட் (உலர்ந்த மங்கல்) என்று வந்து, வெப்பநிலைக்கும் டியூ பாயிண்டுக்கும் இடைவெளி 9, 10 டிகிரி இருந்தால் கதையே வேறு. அது தூசு, புகை. மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், ஆனால் திடீரென்று மூடுபனியாக மாறாது.

நான் அதிகம் பயப்படுவது எம்.ஐ.எஃப்.ஜி, அதாவது ஆழமில்லாத மூடுபனிக்குத்தான். தரையை ஒட்டி இரண்டு மீட்டர் உயரத்துக்குக்கூட வராத பனி. மேலிருந்து நேர்கீழே பார்த்தால் ஓடுபாதை கோடு போட்ட மாதிரி தெரியும், விளக்குகளைக்கூட எண்ணலாம். இறங்கி வரும்போதுதான் பார்வை சாய்வாகப் போகிறது, சக்கரம் தொடும் நேரத்தில் முன்னால் ஒன்றும் தெரியாது. மேலே இருந்து தெரிகிறதே என்று இறங்கத் துணிய வேண்டாம். எரிபொருள் போதுமான அளவு இருந்தால் சுற்றிக் காத்திருங்கள், இல்லையென்றால் மாற்று விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள்.