எபிலேட்டர்: ஒரு காலோடு நிற்கிறேன்

தேனடை:
பார்லருக்கு நடந்து நடந்து அலுத்துப்போய், போன வாரம் முடியை வேரோடு பிடுங்கும் கருவியான எபிலேட்டர் வாங்கினேன். சனிக்கிழமை இரவு கதவைச் சாத்திக்கொண்டு இடது கணுக்காலில் வைத்தேன். மிக்சியில் கடலைப்பருப்பு அரைபடுகிற சத்தம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "உள்ளே என்னடி அரைக்கிறாய்?" என்று அம்மா கேட்க, ஒரு காலோடு நிறுத்திவிட்டேன். சிவப்புப் புள்ளிகள் மறுநாள் மதியம்வரை இருந்தன. வலி பழகுமா?

மாடித்தோட்டம்:
பழகும். முதல் தடவைதான் கொடுமை, எல்லா முடியும் ஒரேயடியாக வேரோடு வருகிறதே! வெந்நீரில் குளித்து, ஈரம் போகத் துடைத்தபின் செய்யுங்கள். முடி 2 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. தோலை இழுத்துப் பிடித்து, கருவியை நிமிர்த்தி, மெதுவாக நகர்த்துங்கள். அவசரப்பட்டால் முடி நடுவில் அறுந்து, வேர் உள்ளேயே தங்கிவிடும். பருவோ புண்ணோ இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

கல்கண்டு:
எனக்கு வலியைவிடத் தொல்லை, தோலுக்குள் சுருண்டு வளர்ந்த முடிதான். இரண்டு நாள் கழித்துப் பீர்க்கங்காய் நாரால் இலேசாகத் தேய்க்கிறேன், குறைந்திருக்கிறது. 1986இல் இஸ்ரேலில் வந்த எபிலேடி என்ற பழைய எபிலேட்டரில் இப்போதுபோல இடுக்கிகளே இல்லை, முடியைப் பிடுங்கச் சுழலும் கம்பிச்சுருள்தான். அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

தேனடை:
வலது காலும் முடிந்தது. அம்மா தன் முழங்கையில் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதற்குக் காசு வேறா?" என்று போய்விட்டார்.