பிரீமியர் கேஷை முழுசா அழிக்கலாமா? சி டிரைவில் 9 ஜிபிதான் மிச்சம்

சிவப்புக்கோடு:
விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி. வீடியோ எடிட் பண்ற அடோபி பிரீமியர் தன் வேலைக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்கள், அதாவது கேஷ், டிஸ்கை நிரப்பிடுச்சு. ஆப்டேட்டா > ரோமிங் > அடோபி > காமன் உள்ளே இருக்கும் ‘மீடியா கேஷ் ஃபைல்ஸ்’ போல்டர் மட்டும் 140 ஜிபி. ஒரு கல்யாண வீடியோ பாதியில் நிற்குது, மூணு நாளில் டெலிவரி. மொத்தமா செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சா ப்ராஜெக்ட்டுக்கு ஏதும் ஆகுமா?

வெட்டுஒட்டு:
ஒண்ணும் ஆகாது, அடிங்க. உள்ளே ஃபுட்டேஜே (கேமராவில் எடுத்த ஒரிஜினல் வீடியோ) கிடையாது. பெரும்பாலும் சிஎஃப்ஏ, பெக் ஃபைல்கள்தான். கேமரா ஆடியோ சுருக்கப்பட்டு வந்தால் பிரீமியர் அதை 32-பிட் ஃப்ளோட்டாகப் பிரித்து சிஎஃப்ஏ-வில் வைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு மணிக்குக் கிட்டத்தட்ட 1.4 ஜிபி. பெக் என்பது டைம்லைனில் தெரியும் வேவ்ஃபார்ம் கோடு. இரண்டையும் சாஃப்ட்வேரே திரும்பச் செய்துகொள்ளும்.

பிரீமியர், அதோட கூட்டாளி அடோபி சாஃப்ட்வேர்களான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மீடியா என்கோடர் எல்லாத்தையும் மூடிட்டு அழிங்க. எல்லாத்துக்கும் இந்தப் போல்டர் பொது. பக்கத்தில் இருக்கும் ‘மீடியா கேஷ்’ போல்டரையும் சேர்த்துக் காலி பண்ணுங்க, எந்த கிளிப்புக்கு எந்தக் கேஷ் என்று குறித்து வைக்கும் டேட்டாபேஸ் அதில்தான் இருக்கு. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யணும், இல்லைன்னா சி டிரைவ் அசையாது.

நிதானம்:
மூணு நாளில் டெலிவரி என்று எழுதியிருக்கிறார், அதைப் படிச்சீங்களா? முழுசா அழிச்சா, ப்ராஜெக்ட் திறந்ததும் எல்லா கிளிப்பையும் மறுபடி கன்ஃபார்ம் பண்ண (ஆடியோவைப் பிரித்து சிஎஃப்ஏ செய்ய) ஆரம்பிக்கும். கீழே வலது மூலையில் ஓடும் பார் முடியும்வரை சில கிளிப்பில் சத்தமே வராது, வேவ்ஃபார்ம் வெறுமையாகக் கிடக்கும். ஃபுட்டேஜ் சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் இன்னும் நேரம் இழுக்கும்.

கையால் அழிக்க என்ன அவசியம்? எடிட் > பிரிஃபரன்சஸ் > மீடியா கேஷ் போனால் ‘டெலிட்’ பட்டன் இருக்கு. இப்போதைக்கு ‘அன்யூஸ்டு’ (பயன்பாட்டில் இல்லாதவை) மட்டும். டெலிவரி முடிஞ்சதும், எந்த ப்ராஜெக்ட்டும் திறக்காமல் ஹோம் ஸ்க்ரீனில் இருந்தே இதே பட்டனைத் தட்டி ‘ஆல்’.

வெட்டுஒட்டு:
பட்டனை அவ்வளவு நம்பாதீங்க. 2017-இல் வந்த 11.1.0 பதிப்பு கேஷைச் சுத்தம் பண்றேன்னு ஒரிஜினல் ஃபுட்டேஜையே அழிச்சிருக்கு. 2018-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீடியோகிராபர் அடோபி மேல் வழக்கே போட்டார்.

நிதானம்:
பாதியைத்தான் சொல்றீங்க. அவர் கேஷுக்குக் காட்டிய இடம் வெளி டிரைவில் இருந்த தன் வீடியோ போல்டர். கேஷ் போல்டருக்கு வெளியே, அதன் பக்கத்தில் இருந்த ஃபைல்களையும் அந்தப் பதிப்பு துடைத்துவிட்டது என்பதுதான் பிழை. 11.1.1-இல் சரி செய்தார்கள். கேஷ் பாதையில் ஃபுட்டேஜ் இருக்கக் கூடாது, இது கையால் அழிப்பவருக்கும் பொருந்தும்.

சொல்லப்போனால் கையால் அழிப்பதில்தான் ஆபத்து அதிகம். ப்ராஜெக்ட் பக்கத்தில் ‘அடோபி பிரீமியர் ப்ரோ’ என்று ஆரம்பிக்கும் போல்டர்கள் வரிசையாக இருக்கும். ‘வீடியோ ப்ரிவ்யூஸ்’ போனால் மறுபடி ரெண்டர் செய்யலாம். ‘ஆட்டோ-சேவ்’ போனால் பழைய பிரதி இல்லை. ‘கேப்ச்சர்டு ஆடியோ’வில் டைம்லைனில் நேரடியாகப் பதிவு செய்த வாய்ஸ் ஓவர் கிடக்கும், அது ஒரிஜினல். எல்லாத்தையும் கேஷ் என்று நினைச்சு அள்ளிப் போட்டால் குரல் கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிடணும்.

வெட்டுஒட்டு:
‘கேப்ச்சர்டு ஆடியோ’ விஷயம் சரி. ஆனா நான் சொன்னது காமன் உள்ளே இருக்கும் இரண்டு போல்டரை மட்டும்தான், ப்ராஜெக்ட் பக்கத்தில் கை வைக்கச் சொல்லலையே. 140 ஜிபி சேர்ந்ததே தானா அழியும் வசதி ஆஃப்-ஆக இருப்பதால்தான். அதை ஆன் பண்ணாலும் ‘90 நாளுக்குப் பழையது’ என்ற தேர்வு 512 ஜிபி டிஸ்குக்கு உதவாது. அதுக்குள்ளேயே டிஸ்க் நிரம்பிடும். அளவு வரம்பைத் தேர்ந்தெடுங்க. இயல்பாக டிஸ்கின் 10 சதவீதம் காட்டும், அதாவது 50 ஜிபி சொச்சம்.

சிவப்புக்கோடு:
வரம்பு போட்டுடறேன். ஃபுட்டேஜ் எல்லாம் வெளி டிரைவில் இருக்கு, இப்போ கழட்டி வச்சிருக்கேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘கிளீன் டேட்டாபேஸ் & கேஷ்’னு ஒரு பட்டன் பார்த்தேன், அதை அமுக்கலாமா?

நிதானம்:
டிரைவை மாட்டாமல் தொடாதீங்க. மூல ஃபைல் கிடைக்காத கேஷை மட்டும் தேடி அழிப்பதுதான் அந்தப் பட்டன் வேலை. டிரைவ் கழட்டியிருந்தால் உங்க கல்யாணக் கிளிப் அத்தனையும் ‘மூலம் இல்லை’ கணக்கில் போயிடும். டேட்டாபேஸ் பொது என்பதால் அடி பிரீமியருக்கு விழும். ‘எம்ப்டி டிஸ்க் கேஷ்’ வேறு, அது ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ப்ரிவ்யூ ஃப்ரேம்கள். அதைத் தைரியமாக அழிக்கலாம்.

நிறக்கலவை:
இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளேபேக் > டிலீட் ரெண்டர் கேஷ் திறந்திருக்கும் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான். ப்ராஜெக்ட் மேனேஜரில் அழித்துவிட்ட பழைய வேலையின் கேஷ் ‘கேஷ்கிளிப்’ போல்டரில் அநாதையாகக் கிடக்கும், அதைக் கையால்தான் எடுக்கணும். பக்கத்தில் புள்ளியில் தொடங்கும் ‘கேலரி’ போல்டர் உங்க ஸ்டில்கள் (கலர் ஒப்பிடச் சேமித்த ஒற்றை ஃப்ரேம்கள்), அதை விட்டுடுங்க. கேஷ் ஃபார்மேட்டையும் பாருங்க: ஆப்பிளின் வீடியோ ஃபார்மேட்டான ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ, யூஹெச்டி (4கே அளவு), நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் மணிக்கு 332 ஜிபி. பத்து நிமிஷ டைம்லைனே 55 ஜிபி தின்னும். அதிலேயே தரம் குறைந்த சின்ன வகையான ப்ரோரெஸ் ப்ராக்ஸி என்றால் மணிக்கு 68 ஜிபி.

வெட்டுஒட்டு:
இரண்டாவது எஸ்எஸ்டி இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம், கேஷ் இடத்தை அங்கே மாத்துங்க. அதுக்குன்னே காலியா ஒரு போல்டர் போட்டு, அதைக் காட்டுங்க.

நிதானம்:
அதையும் டெலிவரிக்கு அப்புறம்.