பி0014: எக்ஸாஸ்ட் விவிடி கோடு, செயின் செட் மாத்தணுமா?

ஸ்பார்க்_பிளக்:
1.5 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், ரெண்டு கேமிலும் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கிற தண்டுகள்) விவிடி, அதாவது வால்வ் திறக்கிற நேரத்தை மாத்துற அமைப்பு. 78,000 கி.மீ. ஓடியிருக்கு. பைபாஸில் 80, 90ல் போகும்போது செக் இன்ஜின் லைட் வருது. கோடு பி0014 (எக்ஸாஸ்ட் கேம் டைமிங் கோளாறு) மட்டும்தான், அழிச்சாலும் அன்னைக்கே திரும்ப வந்துடுது. ஐடிலிங்கிலும் ஸ்டார்ட்டிங்கிலும் குறை இல்லை, மைலேஜ்தான் இறங்கியிருக்கு. போன மாசம் ஆயில் கசிவுக்கு டேப்பெட் கவர் கேஸ்கட் மாத்தினது. ஒர்க்‌ஷாப்பில் செயின் செட்டும் எக்ஸாஸ்ட் கேம் கியரும் (ஆயில் பிரஷரில் கேமைத் திருப்புற விவிடி கியர்) மாத்தணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நானே எதையெல்லாம் பார்க்கலாம்? புளூடூத் ஸ்கேனர், மல்டிமீட்டர் ரெண்டும் இருக்கு.

கேம்_கியர்:
செயினை இப்போதைக்குத் தொட வேண்டாம். செயின் நீண்டிருந்தாலோ பல் தாண்டியிருந்தாலோ பெரும்பாலும் பி0017 (கிராங்கும் எக்ஸாஸ்ட் கேமும் ஒத்துப்போகலைங்கிற கோடு) கூடவே வந்திருக்கும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 36 பல்லுன்னு வச்சுக்கிட்டா, ஒரு பல் தாண்டினாலே கிராங்க் கணக்கில் 20 டிகிரி தப்பும். அதை ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஐடிலிங்கிலேயே கண்டுபிடிச்சிடும்.

பொதுவா எக்ஸாஸ்ட் கேம் கியர் ஓய்வில் நிற்கிற இடம் முழு அட்வான்ஸ் (வால்வ் முன்கூட்டியே திறக்கிற நிலை). அங்கே லாக் பின் பூட்டிக்கும். இன்டேக் இதுக்கு நேர்மாறு, முழு ரிடார்டில் (தாமதமா திறக்கிற நிலை) பூட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஈசிஎம் எக்ஸாஸ்ட் கேமை ரிடார்டு பண்ணச் சொல்லும். சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்குற ஆயில் வால்வ்) ஆயிலைத் திருப்பிவிட்டு, கியர் நகரணும். நகராம பூட்டின இடத்திலேயே நின்னா, கேட்டதைவிட அட்வான்ஸா இருக்குன்னு பி0014 விழும். ஐடிலிங்குக்கு அந்த இடம்தான் வேணும்கிறதால உங்களுக்கு அங்கே ஒண்ணும் தெரியலை. ரிடார்டில் மாட்டியிருந்தா கதையே வேற: பி0015 வரும், எரிஞ்ச புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கி ஐடிலிங் குலுங்கும், சிக்னலில் வண்டி ஆஃப் ஆகும்.

முதல்ல டிப்ஸ்டிக். லெவல் குறைவா, ஆயில் கிரேடு என்ன? 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊத்தினாலே இந்தக் கோடு வரலாம். ஆயில் லைட் எரியலைங்கிறதை நம்பாதீங்க, அது பிரஷர் ரொம்பவே இறங்கினாத்தான் எரியும். அடுத்து இன்ஜின் நல்லா சூடான பிறகு, பக்கத்தில் ஒருத்தரை உட்கார வச்சு, ஓட்டும்போது எக்ஸாஸ்ட் கேமின் டார்கெட், ஆக்சுவல், டியூட்டி (சோலினாய்டுக்கு மின்சாரம் போற நேரத்தின் சதவீதம்) மூணையும் பதிவு பண்ணச் சொல்லுங்க.

ஓம்_மீட்டர்:
ஆயில் சரின்னா சோலினாய்டுக்கு வாங்க. கப்ளரைக் கழற்றி காயிலை அளங்க. பல வண்டிகளில் 20 டிகிரி வெப்பத்தில் 7 முதல் 8 ஓம் வரும், உங்க மேனுவல் அளவுதான் கடைசி. இன்ஜினை ஆஃப் பண்ணி, கழற்றின சோலினாய்டுக்கு நேரா 12 வோல்ட் கொடுத்தா ‘டக்’னு சத்தம் வரணும், உள்ளே ஸ்பூல் (ஆயில் வழியை மாத்துற சின்னத் தண்டு) நகர்றதும் கண்ணுக்குத் தெரியணும். ரெண்டு விநாடிக்கு மேல வேண்டாம், காயில் கருகிடும்.

அப்புறம் அதை மாட்டி, சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அதே 12 வோல்ட்டை மறுபடி கொடுங்க. இன்ஜின் குலுங்கினாலோ நின்னாலோ ஆயில் வழியும் கேம் கியரும் நல்லா இருக்கு, தப்பு ஒயரிங்கிலோ ஈசிஎம்மிலோ. ஒரு மாற்றமும் இல்லேன்னா தப்பு உள்ளே.

இன்டேக், எக்ஸாஸ்ட் சோலினாய்டு பார்ட் நம்பர் ஒண்ணா இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க. கோடு இன்டேக் பக்கம் போயிட்டா சோலினாய்டுதான் காரணம். அங்கே பி0011 வரும்னு எதிர்பார்க்காதீங்க, இன்டேக் ரிடார்டில் பூட்டுறதால பி0012 வரும். மாட்டும்போது ஓ-ரிங்கில் ஆயில் தடவணும். 10 மி.மீ. தலை போல்ட்டுதான், 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மேல இறுக்கினா அலுமினியத்தில் மரை போயிடும்.

ஸ்பார்க்_பிளக்:
பார்த்துட்டேன். ஆயில் 5டபிள்யூ-30, லெவல் சரி. 2,500 ஆர்பிஎம்மில் டார்கெட் 20, ஆக்சுவல் 0 இல்ல 1, டியூட்டி ஏறிக்கிட்டே போகுது. காயில் 7.3 ஓம். கழற்றி 12 வோல்ட் கொடுத்தா ஸ்பூல் நகருது. ஐடிலிங்கில் கொடுத்தா ஒரு மாற்றமும் இல்லை. மாத்திப் போட்டும் அதே பி0014.

கேம்_கியர்:
அப்போ சோலினாய்டும் ஒயரிங்கும் தப்பிச்சது. பாக்கி ஆயில் வழி, இல்லேன்னா கேம் கியர். கியரைக் கழற்ற முன்பக்க கவர் வரை பிரிக்கணும், ஆயில் வழியை ஒரு ஸ்பேனரில் பார்த்துடலாம். பல இன்ஜின்களில் சோலினாய்டுக்குப் பக்கத்திலேயே சிலிண்டர் ஹெட்டில் ஒரு பிளக் இருக்கும், அதுக்குள்ளே விரல் நுனி அளவில் ஒரு வலை ஃபில்டர். சில இன்ஜின்களில் அந்த வலை சோலினாய்டு உடம்பிலேயே இருக்கும். உங்களுக்கு மாத்திப் போட்டும் கோடு நகரலை, அதனால தனி வலையைத் தேடுங்க.

டேப்பெட் கவர் வேலைன்னு நீங்க எழுதினதும் எனக்குச் சந்தேகம் சிலிக்கான் பேஸ்ட் மேலதான். ஹெட்டும் டைமிங் கவரும் சேர்ற மூலையில் ஒரு துளி வைக்கிற இடத்தில் சுத்தி முழுக்கப் பூசிடுவாங்க. உள்பக்கம் பிதுங்கினது பிய்ஞ்சு சம்ப்புக்கு (அடியில் ஆயில் தேங்குற தொட்டி) போகும். ஆயில் ஃபில்டர் பிடிச்சுக்கணும்தான், ஆனா அடைச்ச ஃபில்டரிலும் காலை ஸ்டார்ட்டிலும் பைபாஸ் வால்வ் திறந்துக்கிட்டா வடிகட்டாத ஆயில் மேலே ஏறிடும். வலையில் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி நசுங்கினா அது பேஸ்ட். கறுப்பா தேச்சா கரையுதுன்னா பழைய ஆயில் கசடு.

ஓம்_மீட்டர்:
வலையை பெட்ரோலில் அலசி, உள்ளிருந்து வெளியே காத்து அடிங்க. கிழிஞ்சிருந்தா புதுசு, வலை இல்லாம மட்டும் ஓட்டாதீங்க. பிளக்கின் வாஷர் எப்பவுமே புதுசு. பேஸ்ட் கிடைச்சா அதோட விடாம ஆயில் ஃபில்டரையும் வெட்டிப் பாருங்க; அதிலும் இருந்தா சம்ப்பைக் கழற்றி பிக்கப் ஸ்ட்ரெய்னரை (ஆயில் பம்ப் உறிஞ்சுற இடத்து வலை) சுத்தம் பண்ணியே ஆகணும், அது அடைச்சா பேரிங்கே போகும். இந்த நிலைமையில் ஃபிளஷ் ஊத்த வேண்டாம், சிலிக்கான் அதில் கரையாது.

வலை சுத்தமா இருந்து, மெக்கானிக்கல் கேஜில் சூடான ஆயில் பிரஷரும் மேனுவல் அளவுக்கு இருந்தா, அப்போ கேம் கியருக்குப் பணம் எடுத்து வைக்கலாம்.