‘டிட் யூ ஈட்’ சரியா, ‘ஹேவ் யூ ஈட்டன்’ சரியா?

கேள்வி:
மதியம் ஒரு மணிக்குப் பக்கத்து சீட்காரரிடம் ‘டிட் யூ ஈட்?’ என்று கேட்டேன். ‘ஹேவ் யூ ஈட்டன்னு கேக்கணும்’ என்று திருத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். சரி என்று மறுநாள் காலையில் ‘வென் ஹேவ் யூ கம்?’ என்றேன், அதுவும் தப்பாம். தமிழில் சாப்பிட்டீங்களா, எப்ப வந்தீங்க, இரண்டும் ஒரே இறந்தகாலம்தானே? எதை எங்கே போடுவது?

பதில் 1:
வீட்டில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிறோமே, அதில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பது பேச்சே இல்லை, இப்போது சாப்பாடு முடிந்துவிட்டதா என்பதுதான். அதுதான் ஹேவ் யூ ஈட்டன். ‘எப்ப’ வந்துவிட்டால் டிட்தான், எஸ்டர்டே, லாஸ்ட் வீக், 2019 என்று முடிந்துபோன நேரம் எது வந்தாலும் அதே கதை. ‘ஊட்டிக்குப் போயிருக்கீங்களா?’ என்பது ‘ஹேவ் யூ எவர் பீன் டு ஊட்டி?’, ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி ‘வென் டிட் யூ கோ?’ என்று மாறிவிடும். இன்டர்வியூவில் கவனியுங்கள், ‘ஹேவ் யூ யூஸ்ட் ஜாவா?’ என்று ஆரம்பிப்பார்கள், தலையாட்டினால் ‘வேர் டிட் யூ யூஸ் இட்?’ என்று பிடித்துக்கொள்வார்கள்.

பதில் 2:
பக்கத்து சீட்காரர் கொஞ்சம் ஓவர். அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். யெட், ஆல்ரெடி வந்தால் ஹேவ் போடுவது பிரிட்டிஷ் வழக்கம், நம் பள்ளிக்கூட இலக்கணமும் அந்த வழிதான். ஆனால் ‘வென் ஹேவ் யூ கம்’ இரண்டு ஊரிலும் தப்பு, அதில் அவர் சொன்னது சரி.

பதில் 3:
இன்னொன்று, நேரம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். காலை பத்து மணிக்கு ‘ஹேவ் யூ ஹேட் காபி திஸ் மார்னிங்?’, அதையே சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டால் ‘டிட் யூ ஹேவ் காபி திஸ் மார்னிங்?’. ஆள் விஷயத்திலும் இது உண்டு. அப்துல் கலாம் 2015இல் காலமாகிவிட்டார், இனி யாரும் அவரைச் சந்திக்க முடியாது, அதனால் ‘டிட் யூ எவர் மீட் கலாம்?’ என்பதுதான் இயல்பு.

கேட்டவர்:
சாப்பிட்டாச்சா உதாரணம் மனதில் உட்கார்ந்துவிட்டது, நன்றி. அப்போ நேற்று ஆபீஸுக்குப் போனாயா என்பதற்கு ‘டிட் யூ வென்ட்’ தானே?

பதில் 1:
ஐயோ, இல்லை! ‘டிட் யூ கோ’. இறந்தகாலத்தை டிட்டே சுமந்துவிட்டது, வினையின் தலையிலும் ஏற்றாதீர்கள். பக்கத்து சீட்காரர் காதில் விழுவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.